சம்னியர் விட்டுச்சென்ற தகடு

வகுப்பில் ஒருநாள் பேச்சு உரோமரைப் பற்றித் திரும்பியது. கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், "சேர், தோத்த ஆக்கள் தங்கட கதையை எழுதேல்லையோ?" என்று கேட்டான். தமிழாசிரியனாகிய எனக்கு அன்று மறுமொழி வரவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது கண்ணிற்பட்டவர்கள் சம்னியர்.

நேயர்களே, இத்தாலியின் உட்பகுதியில், அப்பனைன் மலைகளுக்கிடையே இருந்தது சம்னியம். மந்தை மேய்த்தும் உழுதும் வாழ்ந்த மக்கள். அவர்கள் பேசியது இலத்தீன் அன்று. அதற்கு உறவான ஒஸ்கன் மொழி.

கி.மு. 321இல் கௌதியக் கணவாயில் உரோமரின் படை முழுவதும் இவர்களிடம் அகப்பட்டது. என்ன செய்வதென்று தளபதி பொந்தியஸ் தன் முதிய தந்தை எரேனியஸிடம் ஆளனுப்பிக் கேட்டான். எல்லாரையும் கீறலின்றிப் போகவிடு என்றார் கிழவர். மறுபடி கேட்டபோது, ஒருவனும் மிஞ்சாமல் கொன்றுவிடு என்றார். மதி மயங்கிவிட்டதோ என்று ஐயுற்று அவரையே வரவழைத்தனர். முதலாவது வழி நட்பைத் தரும்; இரண்டாவது, பல தலைமுறைக்குப் பகையைத் தலையெடுக்கவிடாது; மூன்றாவது வழியே இல்லை என்றார் அவர். மகனோ மூன்றாவதையே தேர்ந்தான். ஈட்டிகளால் அமைத்த நுகத்தின்கீழ் உரோமரைக் குனிந்து நடக்கவைத்து அனுப்பினான். அவமானம் சுமந்த பகைவன் உயிரோடு வீடு திரும்பினான்.

இக்கதையைச் சொன்னவர் மூன்று நூற்றாண்டுகளின் பின் எழுதிய உரோமராகிய லிவி. கிழவர் அவருடைய கற்பனையாகவும் இருக்கக்கூடும். ஆயினும், பகைவரின் ஏட்டில் இப்படியோர் அறிவாளிக்கு இடம் கிடைத்ததே என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

கி.மு. 290இல் மூன்றாம் சம்னியப் போரும் முடிந்து நாடு பணிந்தது. கி.மு. 91இல் இத்தாலியக் குடிகள் பல உரோமருக்கெதிராக எழுந்தபோது சம்னியரும் எழுந்தனர். அக்கால நாணயங்களில் காளையொன்று உரோமரின் ஓநாயைக் குத்திச் சாய்க்கிறது. ஒஸ்கன் எழுத்தில் 'வித்தேலியு', அதாவது இத்தாலி, என்ற சொல்லும் அந்நாணயங்களில் உண்டு. கி.மு. 82இல் உரோம் நகரின் கொலினா வாயிலில் சுல்லா அவர்களை முறியடித்து, சிறைப்பட்டோரைக் கொல்வித்தான். மொழியும் மெல்ல ஒடுங்கிற்று.

மாணவனுக்கு நான் பிறகு சொன்ன மறுமொழி இது: எழுதினார்கள். 1848இல் அஞோனே என்னும் ஊரருகே வெண்கலத் தகடொன்று கிடைத்தது. இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. இரு பக்கமும் ஒஸ்கன் எழுத்து, வலமிருந்து இடமாக. புனிதத் தோட்டமொன்றில் எந்தெந்தத் தெய்வங்களுக்குப் பலிபீடம் உண்டென்ற பட்டியல் அது. விளைச்சலுக்குரிய கெரஸ் தெய்வத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. போரைப் பற்றியோ உரோமரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.