பிறந்ததினால் ஒருவர், விலைகொடுத்து ஒருவர்

தியான வேதபகுதி: அப்போஸ்தலர் 22:22-29, லேவியராகமம் 24:22



நமது சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் வாரந்தோறும் விழும் சீட்டுகளில், சரீர சுகத்துக்கும் திருமணக் காரியங்களுக்கும் அடுத்தபடியாக அதிகம் வருவது விசாவுக்கான விண்ணப்பமே. மகனுக்கு கிரீன் கார்டு கிடைக்க வேண்டும், மருமகளின் விசா புதுப்பிக்கப்பட வேண்டும், அங்கே பிறந்த பேரப்பிள்ளையின் எதிர்காலம் நிலைபெற வேண்டும் என்று பெற்றோர் கண்ணீரோடு எழுதுகிறார்கள். அவற்றை வாசித்து ஜெபிக்கும்போதெல்லாம், எருசலேமின் கோட்டையில் நடந்த ஒரு சிறிய உரையாடல் என் நினைவுக்கு வருகிறது.

ஜனக்கூட்டத்தின் கையினின்று பவுல் அப்போஸ்தலரை மீட்ட சேனாபதி, அவரைச் சவுக்கால் அடித்து விசாரிக்கும்படி கட்டளையிடுகிறான். கட்டப்பட்ட நிலையில், ரோமக் குடிமகனை நியாயம் விசாரியாமல் அடிக்கலாமா என்று பவுல் கேட்கிறார். சேனாபதி திகைத்துப்போய் ஓடி வருகிறான். தான் பெருந்தொகை கொடுத்து அந்த உரிமையைப் பெற்றதாக அவன் சொல்ல, தாம் அந்த உரிமையோடேயே பிறந்தவர் என்று பவுல் பதிலுரைக்கிறார். அடிக்க வந்தவர்கள் உடனே விலகிப்போகிறார்கள்.

இந்தப் பகுதியை நாம் மகிழ்ச்சியோடு வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஒரு கேள்வி அங்கே நிற்கிறது. பவுல் ரோமக் குடிமகனாக இல்லாதிருந்தால், அந்த அடி நியாயமாகியிருக்குமோ? மனிதனுடைய முதுகுக்குப் பாதுகாப்பு அவன் மனிதன் என்பதால் வருகிறதா, அல்லது அவனிடம் குடியுரிமை இருப்பதால் வருகிறதா?

மனிதர் யாவரும் சமம் என்று அறிக்கையிட்டு 1776இல் எழுந்த அமெரிக்க நாடும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. பவுலையும் சேனாபதியையும் போலவே, ஒருவர் பிறப்பினாலும் மற்றொருவர் விலைகொடுத்தும் அதன் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுடைய வரலாற்றை இவ்வாரம் தியானிப்போம்.

பிறந்தவர்

வோங் கிம் ஆர்க் 1873இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தார். சமையல் தொழில் செய்துவந்தார். சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் இயற்றப்பட்டிருந்தது. அதே சட்டம், சீனர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதையும் தடைசெய்தது. 1895 ஆகஸ்டில், சீனாவுக்குச் சென்று திரும்பிய வோங்கைத் துறைமுக அதிகாரிகள் கரையிறங்க விடவில்லை. அவர் அமெரிக்கக் குடிமகனல்ல என்றார்கள். தாம் பிறந்த நகரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, மாதக்கணக்கில் கப்பல்களில் அவர் அடைபட்டுக் கிடந்தார்.

அவருக்குத் துணைநின்றது 1868இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 14ஆவது திருத்தம். கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. உள்நாட்டுப் போரில் எண்ணற்ற உயிர்கள் மாண்டபின், அந்த அநீதியை அழிக்கவே, அம்மண்ணில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் அனைவரும் குடிமக்கள் என்று அத்திருத்தம் எழுதப்பட்டது. அடிமைகளின் சந்ததிக்காகப் பெறப்பட்ட உரிமை, சீனப் பெற்றோரின் மகனான ஒரு சமையற்காரருக்கும் அடைக்கலமாயிற்று. 1898 மார்ச் 28 அன்று ஆறு நீதிபதிகள் வோங்குக்குச் சார்பாகவும், இருவர் எதிராகவும் தீர்ப்பளித்தனர்.

ஆயினும், 1901இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் அதிகாரிகள் அவரை மீண்டும் கைதுசெய்தார்கள். தம் பெயரிலேயே ஒரு தீர்ப்பு இருந்தும், தாம் யார் என்று அவர் மறுபடியும் நிரூபிக்க வேண்டியிருந்தது. சட்டம் ஏற்றுக்கொண்டவரைப் பார்க்கும் கண்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

விலைகொடுத்தவர்

பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த் 1913இல் அமெரிக்கா சென்றார். ஓரிகான் மாநிலத்தின் மர ஆலைகளில் உழைத்தார். 1918இல், முதல் உலகப்போரின்போது, அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவருக்குக் குடியுரிமை கொடுக்கப்பட்டது. நான்கே நாட்களில் அது பறிக்கப்பட்டது. 1920இல் ஓரிகானில் மீண்டும் பெற்றார். அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1790ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெற முடியும். 1870இல் ஆப்பிரிக்க வம்சத்தாரும் சேர்க்கப்பட்டனர். ஆசியருக்கு இடமில்லை. 1922 நவம்பரில் நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து எழுதிய தீர்ப்பு, ஜப்பானியர் ஒருவரைக் காக்கேசிய இனத்தவர் அல்ல என்று சொல்லி நிராகரித்தது. மூன்று மாதங்களுக்குப் பின், 1923 பிப்ரவரி 19 அன்று, அதே நீதிபதி திந்த் வழக்கில் வேறொன்று எழுதினார். இனநூலார் என்ன சொன்னாலும், சாதாரண மனிதனுடைய பார்வையில் இவர் வெள்ளையர் அல்ல என்பதே அதன் சாரம். அதன்பின் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

அந்த வழக்கில் நம்மைக் குத்தும் ஒரு காரியமும் உண்டு. திந்த் தரப்பு முன்வைத்த வாதங்களில் ஒன்று, அவர் உயர்சாதியைச் சேர்ந்தவர், கலப்பற்ற ஆரிய இரத்தம் உடையவர் என்பது. எந்த மனிதனையும் இரத்தத்தைக் கொண்டு அளக்கலாகாது என்று அங்கே வாதிடப்படவில்லை. அந்த அளவுகோலில் தாம் மேலே நிற்பதாகவே வாதிடப்பட்டது. தள்ளப்பட்டவரும், தமக்குக் கீழே ஒருவரைத் தள்ளி உள்ளே நுழையப் பார்த்தார். பிரியமானவர்களே, ஒரே அப்பத்தில் பங்கெடுத்துவிட்டு, திருமணப் பேச்சில் சாதி விசாரிக்கிற நாம் அவர்மீது கல்லெறிய முடியுமா?

போர்வீரர்களுக்காக 1935இல் வந்த சட்டத்தினால், 1936இல் திந்த் மூன்றாம் முறையாகக் குடியுரிமை பெற்றார். 1946இல் இந்தியருக்கு அந்த வாசல் திறந்தது. ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம் என்றது சட்டம். 1965இல்தான், பிறந்த தேசத்தை வைத்து வெவ்வேறு அளவு நிர்ணயிக்கும் பழைய முறை நீக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் நடந்துசெல்லும் வழியை, முகம் தெரியாத பலர் தங்கள் கண்ணீரினால் திறந்துவைத்தார்கள்.

நம் வாசலில் இருப்பவர்கள்

இதே கேள்வி நம் தேசத்துக்கும் உண்டு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்திய மண்ணில் பிறந்த ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் குடிமக்களாக ஏற்றது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அது திருத்தப்பட்டது. 2004 டிசம்பர் முதல் இன்னும் இறுகியது. 1983இன் வன்முறைக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர், மண்டபத்திலும் வேறு பல முகாம்களிலும் தங்கவைக்கப்பட்டனர். அங்கே 1990களில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, இன்று முப்பது வயதைத் தொடுகிறவர்களில் பலர் எந்தத் தேர்தலிலும் வாக்களித்ததில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் கிறிஸ்தவர்கள் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு வழிதிறந்த 2019ஆம் ஆண்டின் திருத்தத்திலும் இலங்கை இடம்பெறவில்லை.

ஒரு தேசம் தன் எல்லைக்குள் வருகிறவர்களை ஒழுங்குபடுத்தலாகாது என்று நான் சொல்லவில்லை. ஆளுகிறவர்களின் அதிகாரத்தை வேதம் ஏற்கிறது. ஆனால் அந்நியனுக்கும் சுதேசிக்கும் ஒரே நியாயம் இருக்க வேண்டும் என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாதிருக்கும்படி கர்த்தர் இஸ்ரவேலுக்குத் திரும்பத் திரும்ப நினைப்பூட்டினார். அமெரிக்காவில் அந்நியராயிருக்கும் நம் பிள்ளைகளுக்காக எத்தனையோ சீட்டுகளை வாசித்த நான், முகாமில் பிறந்த ஒரு பிள்ளைக்காக ஒரு சீட்டையும் வாசித்ததில்லை. எழுதும்படி நான் உங்களுக்குப் போதித்ததும் இல்லை. அந்தக் குற்றம் முதலாவது என்னுடையது.

நம்முடைய பரலோகக் குடியிருப்பைப் பற்றிப் பிலிப்பியர் 3:20 பேசுகிறது. அதற்குள் நாம் எப்படி வந்தோம்? மறுபடியும் பிறந்ததினால் வந்தோம். விலைக்குக் கொள்ளப்பட்டதினாலும் வந்தோம். அந்தப் பிறப்பை நாமாக உண்டாக்கவில்லை. அந்த விலையையும் நாம் கொடுக்கவில்லை. கிறிஸ்து தம் இரத்தத்தினால் கொடுத்தார். அந்நியரும் தூரமானவர்களுமாயிருந்த நம்மை அவர் வீட்டாராக்கினார் என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் சாட்சியிடுகிறது. கிருபையினால் உள்ளே வந்தவன், வாசலில் நின்று மற்றவனுடைய முகத்தை ஆராய்வது எப்படித் தகும்?

இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். விசாவுக்காகச் சீட்டு எழுதும்போது, அதன் கீழே, நம் மத்தியில் உரிமையின்றி வாழும் ஒருவருக்காகவும் ஒரு வரி எழுதுங்கள். வழக்கறிஞர்களும் ஆசிரியர்களுமான சகோதர சகோதரிகள் உங்கள் நேரத்தில் சிறிது கொடுங்கள். வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்கள், ஊரையும் சாதியையும் கேளாமல் கதவைத் திறவுங்கள்.

ஜெபிப்போம்: அந்நியனை நேசிக்கிற ஆண்டவரே, பிறப்பினாலும் விலையினாலும் எங்களை உமது வீட்டாராக்கினீர். தூரதேசத்தில் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு வழிதிறந்தருளும். எங்கள் வாசலில் காத்திருப்பவர்களுக்கு எங்களை வழியாக்கியருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.