கடாரத்து வானில் மறைந்த வீரர்

சோழர் மெய்க்கீர்த்திகள் கடாரம் என வழங்கும் நாடே இன்றைய கெடா. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் படை கடல்வழியே அங்குச் சென்றது. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், 1941இல், அந்நாட்டின்மீது போர் வான்வழியே வந்தது. அப்போரில் மாண்ட விமானிகள் எவ்வாறு நினைக்கப்படுகின்றனர் என்பது தமிழர்க்கும் சிந்தனை தருவதாகும்.

வட மலாயாவைக் காக்கப் பிரிட்டிஷார் அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் விமானத் தளங்கள் வைத்திருந்தனர். முன்னது நெல்வயல் சூழ்ந்த சமவெளி. பின்னது ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த வட்டாரம். அலோர் ஸ்டாரில் 62ஆம் அணியின் பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. சுங்கை பட்டாணியில் 27ஆம் அணியும் ஆஸ்திரேலியரின் 21ஆம் அணியும் இருந்தன. அந்த ஆஸ்திரேலிய அணி மலாயாவுக்கு வந்தபோது அதனிடம் இருந்தவை விர்ரவே விமானங்கள். 1941இல்தான் அது பஃபலோ போர் விமானத்துக்கு மாறியது. பழகிய விமானத்தை விட்டுப் புதியதைக் கற்பதும், பருவமழை மேகத்தினூடே மலையை விலக்கிப் பறப்பதும் உயிரைப் பணயம் வைக்கும் பயிற்சிகளே. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் அப்போரில் மாண்டோர் 55,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ 8,000 பேர் பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் இறந்தவர்கள். பகைவரைக் காணாமலே மாண்டவர் அத்தனை பேர்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இவ்விரு தளங்களையும் தாக்கின. எஞ்சியவை பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கின. மறுநாள் சிங்கோராவைத் தாக்குமாறு ஆணை பிறந்தது. அணித்தலைவர் ஆர்தர் ஸ்கார்ஃப் மேலெழுந்த சற்றைக்கெல்லாம் பகை விமானங்கள் பாய்ந்து, தரையில் நின்ற ஏனைய விமானங்களை அழித்தும் முடக்கியும் விட்டன. தனியராய் நின்ற ஸ்கார்ஃப் திரும்பவில்லை. சிங்கோரா சென்று குண்டு வீசினார். மீளும் வழியில் முதுகிலும் இடக்கையிலும் கடுங்காயமுற்றார். எனினும் விமானத்தை அலோர் ஸ்டார் வரை கொணர்ந்து தரையிறக்கினார். உடனிருந்த இருவரும் உயிர் பிழைத்தனர். அவரோ அவ்வூர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். போர்க்குழப்பத்தில் மறைந்திருந்த இச்செயல் பின்னரே வெளிப்பட, 1946இல் விக்டோரியா சிலுவை அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் கல்லறை தைப்பிங் போர்க்கல்லறையில் உள்ளது. அங்கு அடக்கமானோருள் 500க்கு மேற்பட்டோர் இன்னார் என அறியப்படாதவர்.

1917இல் அமைக்கப்பட்ட போர்க்கல்லறை ஆணையம், பதவியும் சமயமும் பாராமல் அனைவருக்கும் ஒத்த மதிப்பு என விதித்தது. போரில் வீழ்ந்தவரோ பயிற்சியில் வீழ்ந்தவரோ, படைப்பணியில் இறந்த இருவர்க்கும் ஒரே வகைக் கல். உடல் கிடைக்காதோர் 24,000 பேருக்கு மேல் சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவகத்துத் தூண்களில் பெயராக நிற்கின்றனர். 1957இல் திறக்கப்பட்ட அந்நினைவகத்தின் கூரை விமானச் சிறகு போல் விரிந்துள்ளது. சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினருக்கு, அங்கேயே தனி நினைவுச் சின்னமும் உண்டு.

இம்மரபு தமிழர்க்குப் புதிதன்று. வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் துறை வகுத்துக் கூறுகிறது. ஆநிரை மீட்டு வீழ்ந்தோர்க்கு மட்டுமன்றி, புலியோடு பொருது மாண்டோர்க்கும் நம் முன்னோர் கல் நட்டனர். பகைவன் யார் என்பதைவிட, கடமையில் உயிர் நீத்தான் என்பதே அவர்கள் கண்ட அளவுகோல்.

அந்த அளவுகோலைக் கெடாத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தால் நெஞ்சு கனக்கும். 1943இல் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் ஏறத்தாழ 78,000 பேர். அவர்களுள் மிகப் பலர் தமிழர். கெடாத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் சென்றனர். போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கணக்கு, மாண்டோர் 30,000க்குச் சற்றுக் குறைவு என்கிறது. உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்பர் ஆய்வாளர். சீருடை அணியாமையால் அவர்கள் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இல்லை. பெரும்பாலோர்க்குத் தனித்தனிக் கல்லும் இல்லை, எழுதிவைத்த பெயரும் இல்லை.

விமானிகளுக்குச் செய்யப்பட்ட சிறப்பு மிகை அன்று, அது முறையே. அம்முறை ஏனையோர்க்கும் எட்டாததே குறை. தோட்டந்தோறும் முதியோர் நினைவில் எஞ்சிய பெயர்களைத் திரட்டி ஏட்டில் ஏற்றுவது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இயலாத பணி அன்று. கல் நடுவதற்கு முன் பெயர் வேண்டும்.