காட்டுமன்னார்கோயில்

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்குத் தென்மேற்கே, வீராணம் ஏரியின் தென்முனையை ஒட்டி அமைந்த பேரூர். வட்டத் தலைநகர், தனிச் சட்டமன்றத் தொகுதி. நெல்லே முதன்மைப் பயிர்.

முதலாம் பராந்தக சோழன் (907–955) பூண்ட வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே ஏரிக்கும் ஊருக்கும் அமைந்தது. வீரநாராயண ஏரி மக்கள் வழக்கில் வீராணமாயிற்று. ஊர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. தக்கோலப் போரில் 949இல் உயிரிழந்த பராந்தகனின் மகன் இராசாதித்தன் படைவீரர்களைக் கொண்டு ஏரியை வெட்டுவித்தான் என்பது மரபு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினம் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது.

ஊரின் ஒரு பகுதியான உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டு, சோழ வரலாற்றின் மிக அரிய சான்றுகளுள் ஒன்று. இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சுட்டிக் கூறுகிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டன. இரவிதாசனும் பரமேசுவரனும் பிரமாதிராசன் என்னும் உயர்பட்டம் பெற்றவர்கள். கொலையாளிகள் அரசுக்கு அயலார் அல்லர் என்று இதனால் கருதலாம். இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் பெயர் கல்வெட்டில் எங்கும் இல்லை. அவனைக் கொலையோடு தொடர்புபடுத்துவது ஊகமே.

வைணவ ஆசாரியர்களில் முதல்வரான நாதமுனிகள் இவ்வூரினர். வீரநாராயணப் பெருமாள் கோயிலுக்கு வந்த அடியார் சிலர் நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களைப் பாடக் கேட்டு, எஞ்சியவற்றைத் தேடி ஆழ்வாரின் ஊரான திருக்குருகூர் சென்றார். அங்கே 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பதிகத்தைப் பன்னீராயிரம் முறை ஓதி, நாலாயிரம் பாசுரங்களையும் பெற்றார் என்பது குருபரம்பரைச் செய்தி. அவற்றைத் தொகுத்து, தம் மருமக்கள் இருவரைக் கொண்டு பண்ணமைத்துப் பாடச் செய்தார். அவரில்லையேல் ஆழ்வார் தமிழ் நமக்குக் கிட்டியிராது என்பர். அவருடைய பேரர் ஆளவந்தாரும் இங்கே பிறந்தவரே. இளமையில் அரசவைப் புலவரை வாதில் வென்று பாதி நாடு பெற்றார் என்பர். பின்னர் ஆசாரியர் மணக்கால் நம்பியால் திருவரங்கம் சேர்ந்து, 'தோத்திர ரத்தினம்', 'ஆகமப் பிராமாண்யம்' முதலியவற்றை இயற்றினார்.

இவ்வூரின் இக்காலத்தவருள் முதலிடம் எல். இளையபெருமாளுக்கு (1924–2005) உரியது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இவர், தீண்டாமை பற்றி ஆராய 1965இல் நடுவணரசு அமைத்த குழுவின் தலைவர். 1969இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. தமிழக அரசு 1970இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் அதன் வழி வந்தது.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் வீராணம் ஏரியை அடைகிறது. முழு நீர்மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1.465 டி.எம்.சி. 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் செல்கிறது.