குண்டுகளாக உருகிய மன்னர் சிலை

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலையொன்று, 1770ஆம் ஆண்டு நியூயார்க்கின் பவுலிங் கிரீன் பூங்காவில் நிறுவப்பட்டது. காரீயத்தால் வார்த்துப் பொன்முலாம் பூசப்பட்ட அதன் எடை சுமார் 4,000 பவுண்டு என்பர்.

1776 சூலை 9 அன்று, அமெரிக்க விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட வீரர்களும் மக்களும் அச்சிலையைக் கீழே சாய்த்தனர். பிரிட்டனுடனான வணிகம் முறிந்ததால் குடியேற்றங்களில் ஈயத்துக்குக் கடும் தட்டுப்பாடு. சன்னல்களின் ஈய எடைகள்கூடத் திரட்டப்பட்ட காலம் அது. எனவே உடைந்த சிலை அவர்களுக்குக் கிடைத்தற்கரிய உலோகமாயிற்று.

துண்டுகளிற் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிச்ஃபீல்டு ஊருக்கு, ஆலிவர் வால்காட்டின் இல்லத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். பெரிய உலைக்களம் தேவையில்லை. வீட்டு அடுப்பும் கரண்டியும் அச்சும் இருந்தால் குண்டு வார்க்கலாம். அதனால் இப்பணியைப் பெண்களும் சிறுவர்களுமே பெரிதும் செய்தனர்.

வால்காட்டின் கணக்குத்தாள் மொத்தம் 42,088 குண்டுகள் எனக் காட்டுகிறது. அவற்றுள் 10,790 குண்டுகள், அதாவது நாலில் ஒரு பங்குக்கும் மேல், அவருடைய 11 வயது மகள் மேரி ஆன் பெயரில் உள்ளன. 8 வயது மகன் பிரெடரிக்கின் பெயரில் 936.

மன்னருக்கு விசுவாசமானோர் சில துண்டுகளை மறைத்து வைத்தனர். குதிரையின் வால் இன்று நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளது. போர்களின் வரலாற்றில் தளபதிகளின் பெயர்களே நிலைக்கின்றன. இங்கோ, ஒரு கணக்குத்தாள் குழந்தைகளின் பெயர்களையும் காத்து வைத்திருக்கிறது.