உயிரணுவில் நீர், அயனிகள், ஏ.டி.பி.: கண்டறிந்த வரலாறு

உயிரணுவின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு முதலிய கனிம அயனிகள் அந்த நீரில் கரைந்துள்ளன. உயிரணு இயங்கத் தேவையான ஆற்றலை அடினோசின் டிரைபாஸ்பேட் எனப்படும் ஏ.டி.பி. மூலக்கூறு வழங்குகிறது. பாடநூல்களில் இம்மூன்றும் தனித்தனிப் பாடங்களாக வருகின்றன. உயிரணுவிலோ ஒன்றில்லாமல் மற்றொன்றின் வேலை நடக்காது. இந்தத் தொடர்பு படிப்படியாகப் புலப்பட்டதும், பின்னர் அது கோடிக்கணக்கான உயிர்களைக் காத்ததும் அறிவியல் வரலாற்றின் முக்கியமான பகுதிகள்.

குழாய்நீர் உணர்த்திய உண்மை

இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் 1882ஆம் ஆண்டில், உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆய்வு செய்தார். இதயம் நெடுநேரம் துடித்தது. அதற்குச் சாதாரண உப்பே போதும் என்று தோன்றியது. ஆனால் அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அல்லாமல், இலண்டன் குழாய்நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்துப் பயன்படுத்தியபோது துடிப்பு தளர்ந்து நின்றுவிட்டது. குழாய்நீரில் இருந்த கால்சியமே வேறுபாட்டுக்குக் காரணம். நேர்ந்த தவற்றை மறைக்காமல், 1883இல் அவர் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். தசை சுருங்குவதற்குக் கால்சியம் தேவை என்பதும், பொட்டாசியமும் தகுந்த அளவில் இருக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கின. 'ரிங்கர் கரைசல்' என்ற பெயர் இன்றும் மருத்துவத்தில் வழங்குகிறது.

ஏ.டி.பி.யும் எல்லாப்பிரகட சுப்பாராவும்

தசைக்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்விக்கு 1929இல் விடைக்கான திறவுகோல் கிடைத்தது. ஜெர்மனியில் ஓட்டோ மேயர்ஹோஃபின் ஆய்வகத்தில் பணியாற்றிய கார்ல் லோமான் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் அதைத் தனியே கண்டறிந்தனர்.

சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. பின்னர் ஹார்வர்டில், பாஸ்பரசின் அளவை நிறமாற்றத்தால் கணக்கிடும் முறையை ஃபிஸ்குடன் இணைந்து 1925இல் வெளியிட்டார். அந்த அளவீட்டு முறையே பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றின் கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது. ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை.

ஏ.டி.பி.யின் பாஸ்பேட் பிணைப்பே உயிரணுக்களில் ஆற்றலைக் கைமாற்றும் பொது வழி என்பதை 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மான் விளக்கினார். நீர் மூலக்கூறு ஒன்று வினைபுரிந்து இறுதிப் பாஸ்பேட்டைப் பிரிக்கும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. ஆகவே நீர் இங்கு வெறும் கரைப்பான் அன்று. வினையில் பங்கேற்கும் பொருளும் ஆகும்.

நண்டின் நரம்பில் கிடைத்த விடை

உயிரணுவுக்குள் பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. அயனிகள் சவ்வின் வழியே கசிந்துகொண்டே இருந்தும் இந்த வேறுபாடு நிலைப்பது எப்படி? டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ, நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து 1957இல் விடையை முன்வைத்தார். சவ்வில் உள்ள ஒரு நொதி, ஏ.டி.பி.யைச் சிதைத்து அயனிகளைக் கடத்துகிறது. ஓர் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை அது உள்ளே சேர்க்கிறது. அயனிகளையும் ஏ.டி.பி.யையும் இணைத்த இக்கண்டுபிடிப்புக்காக ஸ்கோவுக்கு 1997இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அகதி முகாமில் அறிவியல்

குடல் உயிரணு, குளுக்கோசையும் சோடியத்தையும் ஒருசேர உள்ளே எடுத்துக்கொள்கிறது என்ற கருத்தை 1960இல் இராபர்ட் கிரேன் வெளியிட்டார். ஏ.டி.பி.யால் இயங்கும் பம்பு உயிரணுவுக்குள் சோடியத்தைக் குறைவாக வைத்திருப்பதால்தான் இது நடக்கிறது. சோடியமும் குளுக்கோசும் சென்ற வழியில் சவ்வூடு பரவலால் நீரும் செல்கிறது. காலரா நோயிலும் இவ்வழி அடைபடுவதில்லை.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் நரம்பு வழியாகச் செலுத்தும் கரைசல் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் சேர்க்கப்படுகின்றன. அவற்றுடன் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உண்டு. மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ரிங்கரும் சுப்பாராவும் ஸ்கோவும் வெவ்வேறு நாடுகளில் தேடிக் கண்ட உண்மைகளின் மேல்தான் செயல்படுகிறது.