பாட்டும் பனையும் பாட்டாளியும்

மனிதர் கூடிப் பாடிய இடங்களிற் பெரும்பாலும் கூடிக் குடித்தும் இருக்கின்றனர். நமது இலக்கியமே இதற்குச் சான்று பகரும். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235ஆம் பாட்டாக இடம்பெற்றுள்ளது. அப்பெருமாட்டி மன்னனுடைய போர்த்திறனை முதலில் எடுத்துரைக்கவில்லை. கிடைத்த கள்ளைப் பாடுவோருக்கு ஈந்தும், அவர்கள் பாடத் தானும் பருகியும் அவன் மகிழ்ந்த பண்பையே முதலில் நினைந்து அரற்றுகிறார். அதே தமிழில் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பாட்டோடு கூடிய கள்ளின் களிப்பையும், குடியைக் கெடுக்கும் கள்ளின் கேட்டையும் நமது முன்னோர் ஒருங்கே அறிந்திருந்தனர். ஆயினும், அந்தக் கள்ளை இறக்கியவன் யார், அந்த அவையில் அவனுக்கு இடம் இருந்ததா என்ற வினாவை இரு சாராரும் எழுப்பவில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியை முன்வைத்து அவ்வினாவை நாம் இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

யாழ்ப்பாண நகருக்கு மேற்கே கடல் சூழ்ந்து கிடக்கும் தீவுகளுள் ஒன்றை ஒல்லாந்தர் லைடன் என்று அழைத்தனர். நாம் அதனை வேலணைத் தீவு என்கிறோம். ஊர்காவற்றுறை, கரம்பொன், சுருவில், புளியங்கூடல், சரவணை ஆகிய ஊர்களோடு நாரந்தனையும் அத்தீவிலேயே உள்ளது. பனையும் கடலும் தீவாரின் வாழ்வுக்கு இரு தூண்கள். 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தைத் தங்கள் மொழியில் 'காயிஸ்' என்றனர். கப்பற்றுறை என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் வழங்கிய 'கயிற்ஸ்' என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. ஆனால் அவர்கள் விட்டுச் சென்றவை துறைமுகப் பெயரோடு நிற்கவில்லை. கள் விற்கும் இடத்தை நமது மக்கள் இன்றும் 'தவறணை' என்கின்றனர். அது போர்த்துக்கேயரின் 'தவேர்ணா'. ஆடிப் பாடும் துள்ளல் இசையை 'பைலா' என்கின்றனர். ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல் அது. துறைமுகமும் தவறணையும் பைலாவும் ஒரே கப்பலில் வந்திறங்கிய சொற்கள் என்றால் அது மிகையன்று.

சொல் கடல் கடந்து வந்தது. கள்ளோ நமது மண்ணுக்குரியது. அதன் பின்னாலுள்ள உழைப்பைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். சீவல் தொழிலாளி தளநாரைக் காலிற் பூட்டி, ஐம்பது அறுபது அடி உயரப் பனையில் நாள்தோறும் காலையும் மாலையும் ஏறுகிறான். பாளையைத் தட்டிப் பதமாக்கி, நுனியைப் பாளைக்கத்தியால் மெல்லிதாகச் சீவி, முட்டியைக் கட்டி இறங்குகிறான். முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் கிடைப்பது கருப்பநீர். அதைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு தடவாவிடின் காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றை உடனே நொதிக்கச் செய்கின்றன. இறக்கும்போதே அது கள்ளாகிவிடுகிறது. அதன் வெறியம் பெரும்பாலும் பியருக்கு நிகரானது. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவினது. ஆனால் பியரைப் போல மாதக்கணக்கில் இருப்பில் வைக்க அதனால் இயலாது. காலைக் கள் மாலையிற் புளிக்கும், மறுநாட் காடியாகும். ஆகவே அன்றைய உழைப்பு அன்றே விற்றாக வேண்டும். விலைபேசி நிற்கத் தொழிலாளிக்கு நேரமில்லை. கால் வழுவினால் உயிர் போகும். உயிர் தப்பினால் முதுகெலும்பு போகும். பாட்டுக்காரன் புகழ் பெறும் மேடையிலும் இவனது மேடை உயரமானது; ஆனால் இங்கே கைதட்ட எவருமில்லை.

ஆங்கில ஆட்சி கள்ளை ஒரு வருமான ஊற்றாகவே கண்டது. தவறணைகள் ஏலத்திற் குத்தகைக்கு விடப்பட்டன. 1912ஆம் ஆண்டின் கலால் கட்டளைச் சட்டம் இவ்வருவாயை மேலும் ஒழுங்குபடுத்தியது. 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் தென்னிலங்கையிற் பெருகியெழுந்த மதுவிலக்கு இயக்கம், அரசின் இந்தக் கலால் வருவாயைத் தாக்கியதால் அரசியல் இயக்கமாகவும் வளர்ந்தது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையடுத்து அவ்வியக்கத் தலைவர்கள் பலர் சிறையிலடைக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் சைவப் பெரியாரும் கிறித்தவப் பாதிரிமாரும் குடிக்கு எதிராகப் பிரசாரம் செய்தனர். அவர்களது கவலையை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. கூலி முழுவதையும் தவறணையில் விட்டுவந்த கணவனால் பட்டினி கிடந்த பெண்ணுக்கு அந்த இயக்கம் ஓர் ஆறுதல். எனினும், கள்ளைப் பழித்த நாவு, கள்ளிறக்குவோனையும் சேர்த்தே பழித்தது. குத்தகைக்காரன் கனவானாக உலவினான், மரமேறியவன் இழிந்தவனானான். தீமைக்குப் பொறுப்பு ஏழையின் தலையிலும், இலாபம் செல்வனின் பெட்டியிலும் சேர்வது நமது சமுதாயத்தின் பழைய கணக்கு.

இனிப் பாட்டின் கதைக்கு வருவோம். தீவுப் பகுதியிற் கத்தோலிக்க ஊர்களின் நாட்டுக்கூத்து விடிய விடிய நடைபெறும். அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று பாட, ஊரே உடன் பாடும். பனங்கள்ளும் பனைநிழலும் பாட்டும் ஒன்றுகூடிய மாலைப்பொழுதுகள், எந்தச் சபா மண்டபத்தின் அழைப்பிதழிலும் இடம்பெறாத கலைக்கூடங்களாக விளங்கின. தென்னிலங்கைக் கரையோரத்திலோ, போர்த்துக்கேயரும் அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்கரும் வழங்கிய தாளத்திலிருந்து பைலா உருவாயிற்று. காவலராகப் பணியாற்றிய வொலி பஸ்தியன், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதனைச் சிங்களப் பாட்டாக மேடையேற்றினார். இருவர் எதிரெதிர் நின்று அந்தக் கணத்திலேயே அடிகளைப் புனைந்து மோதும் 'வாதப் பைலா' அவர் காலத்திற் புகழ்பெற்றது. கற்றோர் அவையில் அதற்கு இடமில்லை. துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் சிறு வியாபாரிகளுமே அதன் சுவைஞர்.

அந்தத் தாளம் தமிழிலும் எதிரொலித்தது. 1960களின் பிற்பகுதியில், உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் என்னும் இளைஞர், கிட்டாரை மீட்டி யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிற் பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே' என்ற பாட்டு ஊரெங்கும் பரவியது. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்ற மற்றொன்று கள்ளுக்கடைக்குப் போகவேண்டாமெனப் புத்தி கூறுவது. புத்தி கூறும் பாட்டைக் கள்ளுண்போரும் கைதட்டிப் பாடி மகிழ்ந்தமையே அதன் வெற்றி. உபதேசியின் குரலை வெறுத்தவன், தன் தெருமொழியில், தன் தாளத்தில் வந்த அறிவுரையை வெறுக்கவில்லை. அடுத்து வந்த ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யாற் கடல் கடந்தும் புகழ் பெற்றார். 1977ஆம் ஆண்டில் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் அப்பாட்டின் மெட்டு ஒலித்தது. தமிழகத்திலிருந்து வரும் இசையையே எதிர்பார்த்திருந்த நாம், தமிழகத்துக்கு ஒரு பாட்டை ஏற்றுமதி செய்தோம். 'பொப் இசை' என்று பண்டிதர் முகஞ்சுளித்த இப்பாட்டுகளே, ஈழத்துத் தமிழன் தன் பேச்சுமொழியைக் கூச்சமின்றிப் பாடக் கற்ற பள்ளிக்கூடமாயின.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வேறொரு குரலும் எழுந்தது. சமுதாயக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தும், தேநீர்க்கடையில் ஒரே குவளையிற் குடிக்கும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிட்டவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் தீண்டாமைக்கு எதிரான பெரும் போராட்டத்தின் தொடக்கமாயிற்று; 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கோவில் வாயிலில் அது உச்சத்தை எட்டியது. கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் இம்மக்களின் வாழ்வை எழுதினார். பனையேறிகள் இந்த மக்களுள் ஒரு சாரார் என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். தீவுகளில் நன்னீர் அரிது; நல்ல கிணறு ஒன்றே ஒரு குறிச்சியின் உயிர். அந்தக் கிணற்றில் வாளியைத் தொட அவனுக்கு உரிமை மறுக்கப்பட்டது. ஆனால் அவன் கையால் இறக்கி, அவன் கையால் பிளாவில் வார்த்த கள்ளை உயர்சாதிக்காரன் அவன் முற்றத்திலேயே குந்தியிருந்து குடித்தான். கள்ளுக்கு இல்லாத தீட்டு தண்ணீருக்கு எங்கிருந்து வந்தது? சாதியின் முழுப் பொய்யையும் ஒரு பிளாக் கள்ளே அம்பலப்படுத்திவிட்டது. கள்ளுக்கடையைப் பாடிய பாட்டு அப்பொய்யைப் பாடவில்லை. குடிப்பவன் பாட்டுக்குள் வந்தான், இறக்குபவன் வரவில்லை.

இதனை மற்றொரு நாட்டு நிகழ்ச்சியோடு ஒப்புநோக்குவது பயனுடையது. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'கிரேட்புல் டெட்' என்ற இசைக்குழு தோன்றியது. ஒரே பாட்டை ஒவ்வோர் இரவும் வெவ்வேறாக விரித்து, நமது தவில், நாதசுர வித்துவான்களைப் போல மணிக்கணக்கில் வாசிப்பது அவர்களது இயல்பு. அவர்களுடைய சுவைஞர் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து சென்றனர். கச்சேரிகளை ஒலிநாடாவிற் பதிந்து, விலைக்கு விற்காமல் தம்முட் பரிமாறிக் கொண்டனர். குழுவும் அதனைத் தடுக்கவில்லை. 1995ஆம் ஆண்டில் ஜெரி கார்சியா இறந்தபின் குழு கலைந்தது. சுவைஞர் கூட்டம் கலையவில்லை. 2013ஆம் ஆண்டில் டெலவேர் மாநிலத்தின் 'டாக்பிஷ் ஹெட்' என்ற மதுசாலை, அக்குழுவின் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டான 'அமெரிக்கன் பியூட்டி'யின் பெயரில் ஒரு பியரை வெளியிட்டது. அதிற் சேர்க்கவேண்டிய பொருள் எதுவென்று சுவைஞரிடமே யோசனை கேட்கப்பட்டது. வறுத்த தானியக் கலவையொன்று தெரிவாயிற்று. வாணிக நோக்கம் அதிலும் உண்டு. முதலாளித்துவம் எந்த அன்பையும் போத்தலில் அடைத்து விற்கும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்தப் போத்தலில் பாடியவர் பெயரும், வடித்தவர் பெயரும் அருகருகே நின்றன. சுவைத்தவரின் சொல்லும் அதனுட் கலந்திருந்தது. நமது பிளாவிலோ வடித்தவனுக்குப் பெயரே இல்லை.

அவனுக்கு ஒரு பெயரைத் தேடித்தந்தது கூட்டுறவு. 1972ஆம் ஆண்டில் வடக்கிற் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை உருவாயிற்று. ஒழுகிய வியர்வையின் விலையைத் தானே பேசும் உரிமை ஓரளவேனும் தொழிலாளிக்கு வந்தது. அன்று புளித்து வீணான கள், போத்தலில் அடைக்கப்பட்டு நாட்பட நிற்கலாயிற்று. பின்னர் போர் வந்தது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கை தீவுகளைச் சூழ்ந்தபோது, தீவார் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. மின்சாரமும் மின்கலமும் இல்லாத அந்நாட்களில், யாழ்ப்பாணத்து மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து, சில்லைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்சாரத்திற் பாட்டுக் கேட்டனர். பாட்டு ஆடம்பரம் என்று கூறுவோர் இந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்று தீவாரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வாழ்கின்றனர். அவர்களது ஒன்றுகூடல்களில் அந்தப் பழைய பொப் பாட்டுகள் ஒலிக்கின்றன. எந்தப் பாட்டு உயர்ந்தது, எந்த நாட்டுப் பியர் நல்லது என்று அவர்கள் வாதிடுகின்றனர். முடிவிற் பனங்கள்ளுக்கு ஈடு இல்லையென்று ஒருமனதாகத் தீர்ப்பளிக்கின்றனர். இந்த ஏக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஏக்கம் தெரிந்தெடுத்தே நினைவுகொள்ளும் தன்மையது. பனைநிழல் நினைவில் நிற்கும். கிணற்றுக் கட்டு மறந்துபோகும். கள்ளின் சுவை நினைவில் நிற்கும். கள்ளிறக்கியவன் வாசலுக்கு வெளியே நின்று தேநீர் குடித்தது மறந்துபோகும்.

பாட்டும் களிப்பும் மக்களின் உடைமை. அவற்றைப் பறிக்க நாம் முனையவில்லை. குடியின் கேட்டை மறைக்கவும் நாம் விரும்பவில்லை. ஒரு சமுதாயத்தின் களிப்பை அளக்கப் பாடியவனையும் குடித்தவனையும் மட்டும் கணக்கெடுத்தாற் போதாது; மரமேறியவனையும், அவன் இறங்கிவரும் வரை வாசலிற் காத்திருந்த அவன் மனைவியையும் கணக்கெடுத்தல் வேண்டும். நாரந்தனையின் பனைகளிற் சில இன்றும் முட்டி சுமந்து நிற்கின்றன. அவற்றின் அடியிற் கூடுவோர், முதற் பிளாவை ஏறியவன் கையிற் கொடுத்து, அவனையும் அருகில் அமர்த்திப் பாடத் தொடங்கட்டும். நமது தீவின் முழுமையான பாட்டு அன்றே பிறக்கும்.