நவராத்திரிக் கொலு: அரண்மனையிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு

நவராத்திரிக் கொலு, பெரும்பாலும் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசையன்று தொடங்குகிறது. அன்று படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, கலசத்தையும் மரப்பாச்சி ஜோடியையும் முதலில் எடுத்து வைப்பார்கள். மறுநாள் பிரதமை முதல் ஒன்பது நாள் பூசை நடக்கும். படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் அமையும். கர்நாடகத்தில் தசராவுக்கும், ஆந்திரத்தில் தசராவுக்கோ சங்கராந்திக்கோ இதே போலப் பொம்மை அடுக்குகிறார்கள். ஆயினும் தமிழ் வீடுகளில் இது வளர்ந்த விதம் தனியானது.

இந்த ஒன்பது நாள் விழாவை அரசு விழாவாகப் பெரிய அளவில் நடத்தியவர்கள் விஜயநகர மன்னர்கள். ஹம்பியில் இன்றும் நிற்கும் மகாநவமி மேடை அதற்குச் சாட்சி. அடுக்கடுக்காக உயரும் அந்தக் கல்மேடையின் பக்கங்களில் யானை, குதிரை, வேட்டை, நடனம் என்று வரிசை வரிசையாகச் சிற்பங்கள் ஓடுகின்றன. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி அங்கே வந்த போர்ச்சுக்கீசியரான டொமிங்கோ பயஸ் விழாவை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அரசர் கொலுவீற்றிருக்க, சிற்றரசர்களும் படைத்தலைவர்களும் முறைப்படி வந்து வணங்கினர். யானைகளும் குதிரைகளும் முன்னால் நிறுத்தப்பட்டன. மல்யுத்தம், ஆட்டம், வாணவேடிக்கை எல்லாம் நடந்தன. ஊர்வலத்தில் வந்த பெண்கள் அணிந்திருந்த நகையின் பாரம் தாங்காமல், அவர்களுடைய கைகளை வேறு பெண்கள் தாங்கிப் பிடித்து வந்ததாகவும் பயஸ் குறிப்பிடுகிறார்.

1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் சிதைந்தாலும் விழா அழியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றிய மைசூர் ராஜ உடையார் 1610-இல் தசராவைத் தம் நாட்டு விழாவாக்கினார். தமிழ்ப் பகுதியில் நாயக்கர்களுக்குப் பிறகும் அதை விடாமல் நடத்தியவர்களில் ராமநாதபுரம் சேதுபதிகள் முக்கியமானவர்கள். மைசூர்ப் படையெடுப்பை முறியடிக்க உதவியதற்காகத் திருமலை நாயக்கர், சேதுபதிக்கு நவராத்திரி விழா நடத்தும் உரிமையையும் ராஜராஜேஸ்வரி திருவுருவையும் அளித்தார் என்பது சேதுநாட்டு மரபு. அரண்மனைக்குள் இருக்கும் ராஜராஜேஸ்வரி கோயில் இன்றும் அந்த விழாவின் மையம். தெற்கே பத்மநாபபுரம் அரண்மனையின் சரஸ்வதி சிலை, கம்பர் வழிபட்டது என்று நம்பப்படுவது, நவராத்திரிக்கு ஆண்டுதோறும் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறது. நாடாள்பவருக்கு நவராத்திரி ஒரு பெரிய உரிமை. அதை யார் நடத்துகிறார் என்பதே யார் அரசர் என்பதைச் சொல்லியது.

வீட்டுக் கொலுவின் அமைப்பில் இந்த அரசவையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. மேல்படியில் தெய்வங்கள், அடுத்துத் தசாவதாரம், பின்னர் ஆழ்வார், நாயன்மார், மகான்கள், அதற்குக் கீழே மனிதர்கள், கடைசியில் விலங்குகளும் மரஞ்செடிகளும். ஆனால் அரண்மனையில் முன்னே நின்றவர்கள் ஆண்கள். வீட்டில் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவர்கள் பெண்கள். கொலுவின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கல்மேடை இருந்த இடத்துக்கு டிரங்குப் பெட்டி, மேசை, பெஞ்சு, பலகை வந்தன. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒரு கூடத்தையே சபையாக்கும் திறமை, தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் இறங்கி வந்தது.

மரப்பாச்சிதான் பொம்மைகளில் மூத்தது. செம்மரத்தில் கடைந்து செதுக்கிய ஆண், பெண் ஜோடி, கல்யாணச் சீரோடு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு முழுக்கக் குழந்தைகள் விளையாடிய அந்த மரப்பாச்சிக்கு நவராத்திரி நெருங்கும்போது ஜரிகைத்துணி, ஜிகினா, பாசிமணி கொண்டு புது உடை தைப்பார்கள். செம்மரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின் வேறு மரங்களில் செய்வது கூடியது. தஞ்சாவூரின் தலையாட்டிப் பொம்மையும், ஆந்திரத்தின் கொண்டபள்ளி மரப்பொம்மையும் படிகளில் வந்து சேர்ந்தன.

படிகளை நிறைத்தவை மண் பொம்மைகளே. மதுரைக்கு அருகே விளாச்சேரி, கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, காஞ்சிபுரம் ஆகியவை இத்தொழிலில் பேர்பெற்ற ஊர்கள். கண்மாய் மண்ணைக் காயவைத்துச் சலித்து, ஊறவைத்துப் பிசைகிறார்கள். அச்சு முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டாக இருக்கும். அடை போல் தட்டிய மண்ணை இரண்டிலும் விரலால் அழுத்திப் பதித்து, விளிம்பில் குழைசேறு தடவிச் சேர்க்கிறார்கள். சற்று இறுகியதும் அச்சைப் பிரித்துப் பிசிறு நீக்கி, நிழலில் உலர்த்திச் சூளையில் வைக்கிறார்கள். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் பொம்மை வெடித்துவிடும். சுட்டெடுத்தபின் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம், கடைசியாகக் கண். காகிதக் கூழ் பொம்மைக்கும் அச்சு உண்டு, சூளை இல்லை. எடை குறைவு என்பதால் தூரத்துக்கு அனுப்ப அதுவே ஏற்றது.

படிகளில் ஏறிய உருவங்களைப் பார்த்தால் காலமே தெரியும். பலசரக்கைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும் நிலையான ஜோடி. அவர்கள் முன்னே உண்மையான அரிசியும் பருப்பும் சிறு சிறு கிண்ணத்தில் வைக்கப்படும். விடுதலைப் போராட்டக் காலத்தில் காந்தி, நேரு, பாரத மாதா வந்தார்கள். பின்னாளில் கல்யாண செட், நாதஸ்வர செட், கிரிக்கெட் செட் எல்லாம் சேர்ந்தன. ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்ற வழக்கத்தால், பழைய குடும்பங்களின் கொலு அந்தக் குடும்பம் கண்ட காலத்தின் பதிவாகவே ஆகிவிட்டது.

படிக்குக் கீழே ‘பார்க்’ அமைப்பது குழந்தைகளின் பொறுப்பு. மணலைக் குவித்துப் பழனிமலை, முகம்பார்க்கும் கண்ணாடியில் தெப்பக்குளம், சாயமேற்றிய மரத்தூளில் சாலை. சில நாள் முன்பே தட்டில் தூவிய கேழ்வரகும் கடுகும் முளைத்து வயலாகும். விலைக்கு வாங்காத கலை இது. பல பேருக்குக் கையால் உருவாக்கும் முதல் பழக்கம் இங்கேதான் வந்தது.

கொலுவுக்குரிய பண்டம் சுண்டல். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, பட்டாணி, மொச்சை, கடலைப்பருப்பு, வேர்க்கடலை என்று நாளுக்கொன்று. காராமணி வெல்லம் சேர்த்து இனிப்பாகவும் வரும். முதல் நாள் இரவே ஊறவைத்து, குழையாமல் வேகவிட்டு, கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய் தூவுவார்கள். வெள்ளிக்கிழமைக்குப் புட்டு. வறுத்த அரிசிமாவில் மஞ்சள்தூளும் உப்பும் கலந்த நீரைத் தெளித்துப் பிசிற வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதைத் துணியில் கட்டி ஆவியில் வேகவைத்துக் கெட்டி வெல்லப்பாகில் கிளறுவார்கள். பாகு பதத்தில் தவறினால் புட்டு களியாகிவிடும். அதனால் அந்த வேலை வீட்டில் மூத்தவரிடமே இருந்தது.

மாலையில் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய்க் கொலுவுக்கு அழைப்பது பெண் குழந்தைகளின் வேலை. வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடி, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத்துணி வாங்கிச் செல்வார்கள். இந்த உறவாடலுக்கு எல்லையும் இருந்தது. தாம்பூலம் சுமங்கலிகளுக்கே என்று கணவனை இழந்தவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். அழைப்பும் பெரும்பாலும் சாதிக்குள்ளேயே சுற்றியது. வேறு சாதியார் வனைந்த பொம்மை படியேறிய வீட்டில் அவர்களுக்கு அழைப்பில்லாமல் போனது நியாயமன்று. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அந்தத் தடைகள் ஓரளவு தளர்ந்திருக்கின்றன.

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூசையில் புத்தகங்களும் தொழிற்கருவிகளும் பூசைக்கு வைக்கப்படும். மறுநாள் விஜயதசமியில் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பார்கள். அன்றிரவு ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துக் கொலுவை முடிப்பது வழக்கம்.

நவராத்திரி விற்பனை சில வாரங்களில் முடிந்துவிடும். பொம்மைத் தொழிலாளர்களின் வேலையோ மாதக்கணக்கில் முன்பே தொடங்குகிறது. உலர்த்தும் நாளில் மழை பிடித்தால் உழைப்பு வீணாகும். மண் எடுப்பதும் முன்போல எளிதாக இல்லை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஆண்டுதோறும் பொம்மைக் கடைகள் நிறைகின்றன. வெளிநாட்டுத் தமிழர்களுக்குக் காகிதக் கூழ் பொம்மைகள் பெட்டி பெட்டியாகப் போகின்றன. படிகள் இப்போது மடக்கி வைக்கும் இரும்புச் சட்டங்களாகவே கிடைக்கின்றன.